ஆஸ்கர் நாமினேஷனைக் கணிப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி ரசிகர்களுக்கான கேள்வி பதில்

ஜனவரி பிறந்தாலே ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் சினிமாப் பைத்தியம் பிடித்த நண்பர் கூட்டங்களில் ஒரு தாள் சுற்றும்: இந்த ஆண்டு ஆஸ்கருக்கு யார் யார் நாமினேட் ஆவார்கள்? அந்தத் தாளை ஒழுங்காக நிரப்ப விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை 2022-இல் வந்த படங்களுக்கான 95-ஆவது ஆஸ்கரிலிருந்து வருகின்றன. கணிப்பு எங்கே பலிக்கும், எங்கே கவிழும் என்பதற்கு அதைவிட நல்ல ஆண்டு அண்மையில் இல்லை. தேன்கனிக்கோட்டைக் காட்டில் மீட்கப்பட்ட ஒரு யானைக்குட்டியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

"ஆஸ்கர் லிஸ்ட்ல நம்ம படம் வந்துடுச்சு" என்று செய்தி வருகிறதே, அது நாமினேஷன்தானே?

இல்லை. மூன்று பட்டியல்கள் உண்டு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள்.

முதலாவது தகுதிப் பட்டியல். நம் ஊர் கணக்கில் சொன்னால், வேட்புமனு ஏற்கப்பட்டது, அவ்வளவுதான். படம் 40 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும், அமெரிக்காவில் குறிப்பிட்ட பெருநகரங்களில் ஒன்றிலாவது தொடர்ந்து 7 நாள் தியேட்டரில் ஓட வேண்டும், படிவங்கள் சரியாக இருக்க வேண்டும். 94-ஆவது ஆஸ்கரில் இப்படி 276 படங்கள். 'ஜெய் பீம்' அதில் இருந்தது. 95-இல் 301 படங்கள். 97-இல் 323 படங்கள், 'கங்குவா' உட்பட. இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு "ஆஸ்கர் ரேஸில்" என்று தலைப்புப் போடுகிறார்கள். அங்கே யாரும் இன்னும் ஓட்டுப் போடவே இல்லை.

இரண்டாவது ஷார்ட்லிஸ்ட், அதாவது நாமினேஷனுக்கு முன் வடிகட்டிய பட்டியல். டிசம்பரில் வரும், எல்லாப் பிரிவுக்கும் கிடையாது. வெளிநாட்டுப் படம், ஆவணப்படம், பாட்டு, இசை, ஒலி, மேக்கப், விஷுவல் எஃபெக்ட்ஸ், குறும்படங்கள் போன்றவற்றுக்கு மட்டும். மூன்றாவதுதான் நாமினேஷன்: ஒவ்வொரு பிரிவிலும் விருதுக்கு இறுதியாக மோதும் பெயர்கள்.

ஓட்டுப் போடுவது யார்?

ஆஸ்கரை வழங்கும் அமெரிக்கத் திரைத்துறை அமைப்பான அகாடமியின் உறுப்பினர்கள். 95-ஆவது ஆண்டில் ஓட்டுரிமை உள்ளவர்கள் ஏறக்குறைய 9,500 பேர். ஆனால் நாமினேஷன் கட்டத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் போடுவதில்லை. நடிப்புக்கு நடிகர்கள், எடிட்டிங்குக்கு எடிட்டர்கள், பாட்டுக்கு இசைப் பிரிவினர் என்று தொழில்வாரியாகத்தான். சிறந்த படத்துக்கு மட்டும் அனைவரும்.

ஆகவே தாளை நிரப்பும்போது "எது நல்ல படம்?" என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். "இந்தத் தொழில்காரர் இந்த வேலையைப் பார்த்து என்ன நினைப்பார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாளில் இரண்டு பத்திகள் போட்டால் இது எளிது: ஒன்று 'வரும்', இன்னொன்று 'வர வேண்டும்'. மனசுக்குப் பிடித்ததை இரண்டாவதில் எழுதிவிட்டால் அது முதலாவதைக் கெடுக்காது.

ஓட்டை எப்படி எண்ணுகிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ளாமல் கணிக்க உட்காரக் கூடாது. ஒவ்வொருவரும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி எழுதுகிறார்கள். ஐந்து இடம் என்றால் மொத்த ஓட்டை 6-ஆல் வகுத்து, அதற்கு மேல் வரும் முழு எண்தான் கோட்டா. அதைத் தொட்டவர் உள்ளே.

24 பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 24-ஐ 6-ஆல் வகுத்தால் 4, கோட்டா 5. முதல் விருப்ப ஓட்டுகள் இப்படி விழுகின்றன: அ-வுக்கு 9, ஆ-வுக்கு 5, இ-க்கு 4, ஈ-க்கு 3, உ-வுக்கு 2, ஊ-வுக்கு 1.

அ, ஆ இருவரும் உடனே உள்ளே. அ-விடம் கோட்டாவுக்கு மேல் 4 ஓட்டு மிச்சம். (மிச்சம் கோட்டாவில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் பகிர்வார்கள், இங்கே தாராளமாக இருக்கிறது.) அந்த 4 ஓட்டை 9 சீட்டுக்கும் பிரித்தால் ஒரு சீட்டுக்கு 0.44. அந்த 9 பேரில் 6 பேர் இரண்டாவதாக உ-வை எழுதியிருக்கிறார்கள், 3 பேர் இ-யை. உ-வுக்கு 2.67 சேர்ந்து 4.67 ஆகிறது. இ-க்கு 1.33 சேர்ந்து 5.33, அவரும் உள்ளே. இப்போது கடைசியில் இருக்கும் ஊ வெளியேறுகிறார். அவருடைய ஒரே சீட்டில் இரண்டாவது பெயர் உ. 5.67 ஆகி அவரும் உள்ளே. மீதி இருக்கும் ஒரு இடம் ஈ-க்கு.

உ-வுக்கு முதல் விருப்பம் வெறும் 2. ஈ-க்கு 3. ஆனாலும் உ முந்திவிட்டார், பெரிய ஆளின் சீட்டில் இரண்டாவது இடம் பிடித்ததால். இதில் கவனிக்க இன்னொன்று: 24 பேரும் ஐந்தாவதாக ஒரே பெயரை எழுதியிருந்தாலும் அந்தப் பெயருக்கு ஒன்றும் கிடைக்காது. "எல்லோருக்கும் ஓரளவு பிடிக்கும்" படம் இங்கே தோற்கும். சிலருக்காவது உயிராக இருக்கும் படம் ஜெயிக்கும்.

உங்கள் குழுவில் 12 பேர் இருந்தால் ஒரு முறை இப்படிச் சீட்டு எழுதி எண்ணிப் பாருங்கள். கோட்டா 3. அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

அதற்கு முன் வரும் விருதுகளை எவ்வளவு நம்பலாம்?

கோல்டன் குளோப், விமர்சகர் விருதுகள் இவற்றைவிட ஹாலிவுட் தொழிற்சங்கங்களின் விருதுகளை நம்புங்கள். அங்கே ஓட்டுப் போடுபவர்களில் பலர் இங்கேயும் போடுகிறார்கள். 95-ஆவது ஆண்டுக் கணக்கை நேரடியாகப் பார்ப்போம்.

அமெரிக்க நடிகர் சங்கம் நான்கு நடிப்புப் பிரிவுகளிலும் சேர்த்து 20 பெயர் சொன்னது. அதில் ஆஸ்கருக்கு வந்தவை 15. துணை நடிகைப் பிரிவில் ஐந்துக்கு ஐந்து. நாயகன் பிரிவில் நான்கு. நாயகி, துணை நடிகர் இரண்டிலும் மூன்று மூன்றுதான். இயக்குநர் சங்கத்தில் ஐந்துக்கு நான்கு: 'டாப் கன்: மேவரிக்' இயக்குநர் ஜோசப் கொசின்ஸ்கி வெளியே, 'ட்ரையாங்கிள் ஆஃப் சாட்னஸ்' எடுத்த சுவீடன்காரர் ரூபன் ஆஸ்ட்லுண்ட் உள்ளே. தயாரிப்பாளர் சங்கத்தின் பத்துப் படங்களில் ஏழு வந்தன. 'பிளாக் பாந்தர்: வகாண்டா ஃபாரெவர்', 'கிளாஸ் ஆனியன்', 'த வேல்' மூன்றும் உதிர்ந்து, அந்த இடங்களில் 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்', 'ட்ரையாங்கிள் ஆஃப் சாட்னஸ்', 'விமன் டாக்கிங்' வந்தன.

உதிர்ந்தவற்றில் இரண்டு பெரிய கூட்டம் சேர்த்த அமெரிக்கப் படங்களின் தொடர்ச்சி. வந்தவற்றில் ஒன்று ஜெர்மன் மொழிப் படம், இன்னொன்று பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை என்ற முதல் பரிசை வாங்கியது. அகாடமியில் வெளிநாட்டு உறுப்பினர் பெருகிவிட்டார்கள். அமெரிக்கச் சங்கங்களில் அவ்வளவு இல்லை. சங்கப் பட்டியலைக் காப்பி அடித்துவிட்டு, இயக்குநர் பிரிவில் ஒரு பெயரை எடுத்துவிட்டு ஓர் ஐரோப்பியரைப் போடுவது எங்கள் பரிந்துரை.

பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவின் பட்டியலையும் பாருங்கள். 'ஆல் கொயட்'டுக்கு அங்கே 14 நாமினேஷன். ஆனால் அது வந்தது 2023 ஜனவரி 19-இல். ஆஸ்கர் ஓட்டுப்பதிவு ஜனவரி 12 முதல் 17 வரை. அதைப் பார்த்து யாரும் ஓட்டை மாற்றியிருக்க முடியாது. இருந்தும் ஆஸ்கரில் அந்தப் படம் 9 இடம் பிடித்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் கொடி அது. 11 நாமினேஷனோடு முதலிடத்தில் இருந்த 'எவரிதிங் எவரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தை மட்டும் எல்லாச் சங்கமும் ஒரே குரலில் சொல்லியிருந்தன.

யாருமே கணிக்காத பெயர் எப்படி வருகிறது?

நடிகை ஆண்ட்ரியா ரைஸ்பரோ, 'டு லெஸ்லி' படத்துக்காக நாயகி பிரிவில் அப்படித்தான் வந்தார். சின்னப் படம், பெரிய சங்கப் பட்டியல் எதிலும் பெயர் இல்லை. ஜனவரியில் ஓட்டுப்பதிவு நெருங்கும்போது பிரபல நடிகர்கள் பலர் அவரைப் புகழ்ந்து வரிசையாக எழுதினார்கள். நடிகர் பிரிவில் அப்போது சுமார் 1,300 பேர். அத்தனை பேரும் ஓட்டுப் போட்டாலும் கோட்டா சுமார் 218. அந்த அளவு முதலிட ஓட்டு கிடைத்தால் மற்ற ஆயிரம் பேர் படத்தைப் பார்க்காவிட்டாலும் கவலையில்லை. நடிகர் சங்கம், பாஃப்டா இரண்டிலும் இடம் பெற்றிருந்த வயோலா டேவிஸும் டேனியல் டெட்வைலரும் வெளியே போனார்கள். எங்களைக் கேட்டால், டெட்வைலரின் நடிப்பு விடுபட்டது அந்த ஆண்டின் பெரிய அநியாயம்.

ஓட்டுப்பதிவு நடக்கும் அந்த வாரத்தில் நடிகர்களே ஒரு நடிகரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தாளைத் திருத்துங்கள். நவம்பரில் பேசினால் பொருட்படுத்த வேண்டாம்.

நாயகனா, துணை நடிகரா என்பதில் தவறு வருமா?

வரும். தயாரிப்பு நிறுவனம் ஒரு பிரிவுக்காக விளம்பரம் செய்தாலும் முடிவு ஓட்டுப் போடுபவர் கையில். 2021-இல் நடிகர் லகீத் ஸ்டான்ஃபீல்டை நாயகன் பிரிவுக்கு முன்வைத்தார்கள். வந்தது துணை நடிகர் பிரிவில்.

'ஆர்ஆர்ஆர்' ஏன் பாட்டோடு நின்றுவிட்டது?

ஓசூர்ப் பக்கம் இதை இன்னும் ஆதங்கத்தோடு கேட்கிறார்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் பேசும் ஊரில் அந்த ஆதங்கம் நியாயமானது.

ஒரு நாடு ஒரே ஒரு படத்தைத்தான் வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு அனுப்பலாம். அந்த ஆண்டு இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு குஜராத்திப் படமான 'செல்லோ ஷோ'வைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே 'ஆர்ஆர்ஆர்' பொதுப் பிரிவுகளில் மோத வேண்டியதாயிற்று. 2022 டிசம்பர் 21-இல் ஷார்ட்லிஸ்ட் வந்தபோது விஷுவல் எஃபெக்ட்ஸ் பத்தில் அது இல்லை, ஒலி பத்திலும் இல்லை. அன்றே அந்த இரண்டு கட்டங்களிலும் அதை அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் விட்டவர்கள் ஜனவரியில் இரண்டு புள்ளிகளை வீணாக இழந்தார்கள். ஷார்ட்லிஸ்ட்டில் இல்லாதது நாமினேஷனில் வர வழியே கிடையாது.

சிறந்த படத்துக்கு அது பத்தில் ஒன்றாக வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கணிப்பாக எழுதியிருந்தால் தவறுதான்: தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், நடிகர் சங்கம் மூன்றிலும் அதன் பெயர் இல்லை.

பாட்டுப் பிரிவைக் கணிக்க வழி உண்டா?

உண்டு. 15 பாட்டு ஷார்ட்லிஸ்ட்டில் வரும், ஐந்து தேறும். முதல் இடத்தை அமெரிக்கப் பாடலாசிரியர் டயான் வாரனுக்கு எழுதிவிடுங்கள். 2018 முதல் 2025 வரை எட்டு விழாக்களில் தொடர்ந்து அவர் பாட்டு நாமினேட் ஆகியிருக்கிறது. படம் எது என்றுகூடப் பார்க்க வேண்டாம். இரண்டாவது, பெரிய வசூல் படத்தில் பெரிய பாடகர். 2023-இல் லேடி காகா, ரிஹானா இருவருமே வந்தார்கள். ஆனால் டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டு ஷார்ட்லிஸ்ட்டோடு நின்றது; பெயர் மட்டும் போதாது. மூன்றாவது, படத்துக்குள் பாட்டுக்கு என்ன வேலை என்று பாருங்கள். விதிப்படி பாட்டு படத்துக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும், படத்துக்குள் வர வேண்டும் அல்லது இறுதிப் பெயர் ஓட்டத்தில் முதல் பாட்டாக இருக்க வேண்டும். காட்சியோடு பார்த்தால் 'நாட்டு நாட்டு'க்கு முன்னால் நிற்க அந்த ஆண்டு எதுவும் இல்லை. கீரவாணியும் சந்திரபோஸும் விருதே வாங்கினார்கள்.

தமிழ் வரிகள் அந்த ஐந்துக்குள் போனது பலருக்கு மறந்துவிட்டது: 'லைஃப் ஆஃப் பை' படத்தில் பாம்பே ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தாலாட்டு, 2013.

சின்னப் பிரிவுகளை விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. போட்டியில் ஜெயிப்பவரும் தோற்பவரும் பிரிவது அங்கேதான். 95-ஆவது ஆண்டில் 23 பிரிவுகள். சிறந்த படத்துக்குப் பத்து, மற்ற 22-க்கு ஐந்தைந்து. மொத்தம் 120 இடம். ஆவணப்படம், ஆவணக் குறும்படம், கதைக் குறும்படம், அனிமேஷன் குறும்படம் நான்கிலும் சேர்த்து 20 இடம். அதாவது ஆறில் ஒரு பங்கு. நடிப்புப் பிரிவுகள் நான்குக்கும் சேர்த்து இருப்பதும் அதே 20-தான். நடிப்புக்கு மணிக்கணக்கில் வாதாடிவிட்டு ஆவணப்படத்தை வெறுமையாக விடுகிறார்கள்.

இவற்றில் வேலை எளிது. டிசம்பரில் 15 பெயர் கையில் கிடைக்கிறது. ஐந்தை எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் மூன்றில் ஒன்று பலிக்கும். அமெரிக்காவின் 'சன்டான்ஸ்' திரைப்பட விழாவில் பரிசு வாங்கியதா, பெரிய ஓடிடி நிறுவனம் பின்னால் இருக்கிறதா என்று பார்த்தால் இன்னும் கூடும். டெல்லியில் காயம்பட்ட பருந்துகளைப் பேணும் சகோதரர்களைப் பற்றிய 'ஆல் தட் ப்ரீத்ஸ்' சன்டான்ஸிலும் கானிலும் பரிசு வாங்கியிருந்தது. அதை எழுதாதவர் செய்தி படிக்கவில்லை என்று அர்த்தம்.

'த எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படத்தை நம் மாவட்டங்களில் எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேர்! அதில் வரும் ரகு, 2017-இல் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மீட்கப்பட்டு முதுமலை தெப்பக்காடு முகாமுக்குப் போன குட்டி. வால் முனையில் காயம், உடம்பெல்லாம் இளைப்பு என்று வந்தவனை யானைப் பராமரிப்பாளர்களான பொம்மனும் பெள்ளியும் தேற்றினார்கள். 2023 மார்ச்சில் விருது அறிவிக்கப்பட்டபோது பொம்மன் தருமபுரி மாவட்டத்தில் இருந்தார், குட்டியானை மீட்புப் பணிக்காக. அதற்குச் சில நாள் முன்புதான் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் மூன்று யானைகள் இறந்து, இரண்டு குட்டிகள் அநாதையாகியிருந்தன. அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து ஷார்ட்லிஸ்ட்டுக்குப் போனவை நான்கு. 'செல்லோ ஷோ' தவிர மூன்று நாமினேட் ஆயின. அந்த மூன்றில் இரண்டு ஆவணப்படங்கள். இந்தியப் பெயரைத் தேடுபவர்கள் முதலில் ஆவணப்படக் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் படப் பிரிவில் தமிழுக்கு என்ன வாய்ப்பு?

1969-இல் 'தெய்வமகன்' போனது. 'நாயகன்', 'அஞ்சலி', 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'ஜீன்ஸ்', 'ஹே ராம்', 'விசாரணை', 'கூழாங்கல்' என்று பலவும் போயின. ஒன்றும் ஐந்துக்குள் வரவில்லை. இந்தியாவிலிருந்தே இந்தப் பிரிவில் தேறியவை மூன்றுதான்: 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்'.

இந்தப் பிரிவில் ஓட்டுப் போடுபவர் ஷார்ட்லிஸ்ட்டின் 15 படங்களையும் பார்த்தாக வேண்டும். ஆகவே கான், வெனிஸ் போன்ற விழாக்களில் ஏற்கெனவே பேசப்பட்ட படம் முந்தும். செப்டம்பரில் தேர்வாகி, அக்டோபரில் அமெரிக்க விநியோகஸ்தரைத் தேடத் தொடங்கும் படத்துக்கு மூன்று மாதம் போதாது. இந்தியப் படம் தேர்வானதும் இரண்டைச் சரிபாருங்கள்: விழாப் பரிசு உண்டா, அமெரிக்க விநியோகஸ்தர் உண்டா. இரண்டும் இல்லையென்றால் 'வர வேண்டும்' பத்தியில் மட்டும் எழுதுங்கள்.

தாளை எப்படித் தயாரிப்பது, புள்ளி எப்படிப் போடுவது?

அக்டோபரில் பென்சிலால் ஒரு வரைவு. டிசம்பரில் ஷார்ட்லிஸ்ட் வந்த இரவே இல்லாதவற்றை அடித்துவிடுங்கள். ஜனவரியில் சங்கப் பட்டியல்கள் வந்ததும் இரண்டாவது திருத்தம். அறிவிப்புக்கு முந்தின நாள் இரவு 9 மணிக்குத் தாளைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். அதற்குப் பிறகு திருத்தம் இல்லை. இந்த நேரக்கெடு இல்லாத குழுவில் சண்டை நிச்சயம்.

சரியான பெயருக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மாற்றுப் பெயர் எழுத அனுமதியுங்கள். அது பலித்தால் அரைப் புள்ளி. குழுவில் ஒருவர் மட்டுமே எழுதிய பெயர் வந்தால் கூடுதலாக ஒன்று. தவறுக்குப் புள்ளி கழிக்காதீர்கள். கழித்தால் எல்லோரும் பயந்து ஒரே பட்டியலை எழுதுவார்கள், சுவாரஸ்யம் போய்விடும். 120 இடத்தில் முதல் ஆண்டில் 70 பிடித்தால் நல்ல தொடக்கம். 95 தாண்டினால் அவரிடம் மற்றவர்கள் பாடம் கேட்கலாம்.

பணம் கட்டி விளையாடலாமா?

வேண்டாம். அது சூதாட்டமாகிவிடும். தோற்றவர்கள் டீயும் போண்டாவும் வாங்கித் தரட்டும்.

படங்களை எங்கே பார்ப்பது?

'அவதார்', 'டாப் கன்' போன்றவை தமிழ் டப்பிங்கில் வந்துவிடும். சின்னப் படங்கள் நம் ஊர்த் தியேட்டருக்கு வருவது அரிது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அங்கே மல்டிபிளெக்ஸ்களில் இவை சில நாள் ஓடும். வார நாள் காலைக் காட்சி என்றால் டிக்கெட்டும் குறைவு. மற்றவை ஓடிடியில். நேரம் குறைவாக இருந்தால் பெரிய படங்களை விட்டுவிட்டு ஆவணக் குறும்படங்களைப் பாருங்கள்: அவை 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி, ஒரே மாலையில் மூன்று பார்த்துவிடலாம்.

அறிவிப்பு நம் நேரப்படி எப்போது?

கலிஃபோர்னியாவில் காலை 5.30. நமக்கு மாலை 7 மணி. விருது விழா ஞாயிறு மாலை அங்கே. நமக்குத் திங்கள் விடியற்காலை.

தேசிய விருதுக்கும் இப்படிக் கணிக்கலாமா?

நாமினேஷனைக் கணிக்க முடியாது, ஏனென்றால் தேசிய விருதில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. நடுவர் குழு பார்த்து நேரே விருதாளரை அறிவிக்கிறது. 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 71-ஆவது விருதில் 'பார்க்கிங்' சிறந்த தமிழ்ப் படமானதும், எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது கிடைத்ததும் 2025 ஆகஸ்ட் 1 அன்று நேரடியாகத்தான் தெரிந்தன.

வரும் ஆண்டுகளில் விதி மாறுகிறதா?

மாறுகிறது. பாத்திரங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கான (காஸ்டிங்) புதிய பிரிவு 98-ஆவது ஆஸ்கரிலிருந்து வந்துவிட்டது. ஆகவே தாளில் 24 கட்டம், 125 இடம். இந்தப் பிரிவில் சந்தேகம் வந்தால் சிறந்த படத்துக்கு நீங்கள் எழுதியவற்றில் பாத்திரங்கள் அதிகமுள்ள ஐந்தை எழுதுங்கள்.

2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து, அதாவது 100-ஆவது ஆஸ்கரில், சண்டை வடிவமைப்புக்கும் விருது வருகிறது. நம் ஸ்டன்ட் மாஸ்டர்களின் திறமைக்கு முதல் முறையாகக் கதவு திறக்கிறது. முதல் ஆண்டில் ஹாலிவுட்டின் பெரிய படங்களே ஐந்தையும் எடுத்துக்கொள்ளும் என்பது எங்கள் 'வரும்' பத்தி. 'வர வேண்டும்' பத்தியில் ஒரு தமிழ்ப் படத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். அந்தப் படத்தின் தயாரிப்பாளர் அமெரிக்காவில் 7 நாள் ஓட்டத்துக்கான தாள்களை மட்டும் நேரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.